மலர்க்கொடி கொடுக்காத கம்பளி

1

இந்தக் கதை ஒரு பொன்னாடையிலிருந்து பிறந்தது. ஆகஸ்ட் பதினைந்து, காலை ஒன்பதரை மணி, எங்கள் ஊர்ப் பள்ளி மைதானம். கொடியேற்றி முடிந்து மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால், ஊராட்சித் தலைவர் அரங்கநாதன் ஒருவரை மேடைக்கு அழைத்து, தொட்டால் நறநறக்கும் ஜரிகைத் துண்டு ஒன்றைப் போர்த்தினார். போர்த்திக்கொண்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தார். எடுத்து அலமாரியில் வைத்தார். கடைசியில் மோட்டார் ரூமில் கொண்டுபோய்ப் போட்டார். மத்தியானம் சாப்பிடாமல் இதை எழுத உட்கார்ந்தார்.

அவருக்கு அறிவரசன் என்று பெயர் வைத்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது, தமிழாசிரியர், அவ்வப்போது பத்திரிகைகளில் கதை எழுதுகிறவர். யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று மூன்று தடவை தொடங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் கை தானாகவே எனக்குச் சாதகமாக எழுத ஆரம்பித்துவிடுகிறது. 'அவன்' என்றால் கொஞ்சம் கட்டுக்குள் நிற்கிறது.

கைவிட்ட தொடக்கங்களில் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

"பெரம்பலூர் மண்ணின் வீர வரலாறுபோல் நிமிர்ந்து நிற்கிறது வெள்ளாட்டுக் கரடு." [அது நிமிர்ந்தெல்லாம் நிற்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது. நானூறு அடி உயரம் இருந்தால் அதிகம்.]

"மூச்சிரைக்க, தம்பியின் நினைவோடு, கரட்டின் கடைசிப் படியில் கால்வைத்தாள் மலர்க்கொடி." [மூச்சிரைத்தது அவருக்கில்லை. அப்புறம் அந்த 'வைத்தாள்'. முதல் வரைவு முழுக்க 'அவள்' என்றே எழுதியிருந்தேன், அறிவரசனுக்கு மட்டும் 'அவர்'. இதில் மாற்றிப் போட்டிருக்கிறேன்.]

2

வெள்ளாட்டுக் கரடு செட்டிகுளத்துக்கு மேற்கே, வெங்காயக் காடுகளும் பருத்திக் காடுகளும் முடிகிற இடத்தில் இருக்கிறது. பாதி உயரம் வரை வெட்டிய படிகள், அதற்கு மேல் வெறும் பாறை. உச்சியில் சிமெண்டுக் கூரை போட்ட சின்ன மேடையும் அதன் நடுவில் ஒரு கறுப்புக் கல்லும். கல்லில் மூன்று பெயர்கள். முதல் இருவரும் பழைய போர்களில் இறந்த பெரிய தெருக்காரர்கள். மூன்றாவது, பட்டாளத்து நாயக் பாலாஜி. எட்டு வருசத்துக்கு முன்னால் எல்லையில் குண்டு விழுந்து இறந்தவன், காலனிப் பையன்.

போர் நினைவுச் சின்னம் ஏன் கரட்டின் உச்சிக்குப் போனது என்பதை வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள். உயரத்தில் இருப்பது மரியாதை என்று நாங்கள் சொல்வோம்.

நடந்தது வேறு. பஸ் ஸ்டாப் பக்கத்தில் வைப்பதாகத்தான் முதலில் பேச்சு. பெரிய தெருவில் யாரும் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. பஸ் திரும்ப இடம் போதாது என்றார்கள். அங்கே புளியமரம் இருக்கிறது, பறவை எச்சம் விழும் என்றார்கள். காலனிப் பையன் பெயரைத் தினமும் நிமிர்ந்து பார்த்துவிட்டு பஸ் ஏற வேண்டுமா என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. அப்போது ஊரில் எழுதத் தெரிந்தவன் என்று அறிவரசனைக் கூப்பிட்டுத் தீர்மானத்தை எழுதச் சொன்னார்கள். அவன் எழுதினான்:

"நாட்டுக்காக உயிர் ஈந்தோர் நம் கால்மட்டத்தில் இருக்கலாகாது, அவர்களை நாம் அண்ணாந்து பார்ப்பதே அழகு."

கைதட்டினார்கள். காலனிக்காரர்களாலும் மறுக்க முடியவில்லை. அவ்வளவு மரியாதையான வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்வது?

[இதை முழுதாக இங்கே எடுத்துப் போட்டதற்குக் காரணம், இது நல்ல வாக்கியம் என்று எனக்குள் ஒருவன் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பதுதான்.]

பாலாஜியின் அம்மா திறப்பு விழாவன்று ஒரு தடவை மேலே ஏறினார். முட்டி வீங்கிவிட்டது. அதோடு சரி. அக்கா மலர்க்கொடிதான் ஏறுகிறார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். தம்பி இறந்த நாளுக்கு ஒரு தடவை, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முன்னால் ஒவ்வொரு தடவை. புல்லைக் கொத்தி, கல்லைக் கழுவி, மேடைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு இறங்குவார். ஊர் அவரிடம் அதைக் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்று தடுத்ததும் இல்லை.

3

இந்த வருசம் ஆடியில், பாலாஜியின் நினைவு நாளுக்கு அறிவரசன் தானும் கூட வருவதாகச் சொன்னான். ஒரு பத்திரிகை சுதந்திர தினச் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டிருந்தது.

"நீங்க எதுக்கு சார் அவ்ளோ தூரம்? கேக்கறத இங்கயே கேளுங்க, சொல்றேன்" என்றார் மலர்க்கொடி.

"இல்லங்க. நேர்ல பாத்து எழுதுனாத்தான் உயிரோட்டமா இருக்கும்."

மலர்க்கொடியின் அம்மா அறிவரசன் வீட்டு வயலில் நடவுக்கும் களைக்கும் வந்தவர். அவன் அப்பா அவரை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். அறிவரசன் மலர்க்கொடியை 'வாங்க, போங்க' என்பான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வான்.

காலை எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். களைக்கொத்து, துடைப்பம், சுண்ணாம்பு டப்பா, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், எல்லாவற்றையும் மலர்க்கொடி சுமந்தார். கேன் இடுப்பில், மற்றதெல்லாம் ஒரு மிலிட்டரி கம்பளியில் மூட்டையாகக் கட்டித் தலையில். பாலாஜியின் பெட்டியோடு வந்த கம்பளி அது. பாறை சுடும்போது விரித்து உட்காரத் தோதாக இருக்கிறது என்றார். அறிவரசன் கையில் செல்போனும் நோட்டும் இருந்தன. "குடுங்க, கேன நான் தூக்கறேன்" என்று ஒரு தடவை கேட்டான். "வேணாம் சார், பழக்கந்தான்" என்றார் அவர். இரண்டாவது தடவை அவன் கேட்கவில்லை.

படி முடிவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தான். மலர்க்கொடி ஓர் இடத்திலும் உட்காரவில்லை. அவன் உட்கார்ந்த இடத்திலெல்லாம் சுமையோடு நின்று காத்திருந்தார்.

"பாலாஜி இங்கல்லாம் வருவாரா?"

"ஆடு மேய்க்க வருவான். பட்டாளத்துக்கு ஓடிப் பழகுனதும் இந்தப் படியிலதான். ஆனா பயந்தாங்கொள்ளி சார் அவன். போன மொத வருசம் போன் பண்ணி அழுவான். அக்கா, சத்தம் கேட்டா ஒன்னுக்கு வந்துடுதுக்கான்னு."

அவர் சிரித்தார். அறிவரசன் அதை நோட்டில் எழுதவில்லை. வீரனைப் பற்றிய கட்டுரையில் அதை எங்கே வைப்பது? ஆனால் உச்சியை நெருங்கியபோது, "மானமுள்ள பாறைகள்" என்று எழுதிக்கொண்டான்.

4

மேலே ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போனது. கிழக்கே செட்டிகுளத்து முருகன் மலை தெரிந்தது. வடமேற்கில் பச்சைமலை, வெளுத்த நீலத்தில். மலர்க்கொடி ஒரு மணி நேரம் வேலை செய்தார். புல்லைக் கொத்தினார், கல்லைக் கழுவினார், பெயர் வெட்டிய குழிகளில் படிந்த மண்ணை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தார். மூன்று பெயருக்கும்தான். பிறகு கம்பளியை விரித்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அறிவரசன் போட்டோ எடுத்தான். ஏதோ குறைந்தது.

"சூடம் ஏத்த மாட்டீங்களா?"

"இங்க ஏத்தறதில்ல சார். காத்துல நிக்காது."

"போட்டோவுக்கு நல்லாருக்கும். நான் கொண்டாந்திருக்கேன்."

பொய்யில்லாமல் எழுத வேண்டும் என்றால் இதையும் சொல்ல வேண்டும். அவன் கீழே கடையிலேயே ஒரு டப்பா சூடம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். மலை, கல், அக்கா, சுடர் என்ற படம் ஏறுவதற்கு முன்பே அவன் தலைக்குள் எடுக்கப்பட்டுவிட்டது.

இரண்டு தடவை ஏற்றினார்கள், அணைந்தது. மூன்றாவது தடவை அறிவரசன் டப்பா முழுவதையும் அங்கே கிடந்த ஒரு கொட்டாங்கச்சியில் கொட்டி, காற்றுக்கு மறைவாக மேடைக் கூரைக்கு அடியில் தள்ளி வைத்துக் கொளுத்தினான். கரும்புகை சுழன்று மேலே போனது. கூரையின் பின்பக்க மூலையில் பானை அளவுக்கு ஒரு கதண்டுக் கூடு* இருந்ததை இரண்டு பேருமே பார்த்திருக்கவில்லை.

* கதண்டு. இந்தப் பக்கம் பெரிய குளவியை அப்படித்தான் சொல்வோம். நாலைந்து கொட்டினால் காய்ச்சல். முப்பது நாற்பது கொட்டினால் ஆள் பிழைப்பதே சந்தேகம். கூடு கலைந்தால் விரட்டிக்கொண்டு வரும்.

5

அடுத்து நடந்ததை, செப்டம்பரில் முடித்த முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

"'சார், இதப் போத்திக்கிட்டு ஓடுங்க! ஆளக் கூட்டியாங்க! எனக்குப் பழக்கந்தான்!' என்று கம்பளியை அவன் தோளில் எறிந்தாள் மலர்க்கொடி. அவன் தயங்கினான். 'போங்க சார்!' என்று அவனைத் தள்ளினாள். அந்தக் கண்களில் அவன் பாலாஜியைக் கண்டான்."

[நான் படிக்கக் கேட்ட நண்பர் ஒருவர் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன்.]

இனி நடந்தது.

கதண்டு இறங்கியதும் முதலில் அசைந்தது மலர்க்கொடிதான். கம்பளியை ஒரே இழுப்பில் பாறையிலிருந்து உருவி, "குந்துங்க சார், ஆடாதீங்க" என்று அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினார். ஓரங்களைக் காலால் மிதித்துக்கொண்டார். உள்ளே இருட்டு. கம்பளி மேல் கல்மழை விழுவதுபோல் பொத் பொத்தென்று சத்தம்.

"கொஞ்ச நேரந்தான். மூச்ச மெதுவா வுடுங்க. அடங்கிடும்."

அவர் சொன்னது சரி. கூட்டை அழிக்க வந்த தீயணைப்புக்காரரும் பிற்பாடு அதையே சொன்னார். அசையாமல் இருந்திருந்தால் ஆளுக்கு நாலைந்து கொட்டோடு போயிருக்கும்.

ஒன்று உள்ளே நுழைந்துவிட்டது. அறிவரசனின் பிடரியில் கொட்டியது. பழுக்கக் காய்ச்சிய ஊசியை இறக்கியதுபோல் இருந்தது. இன்னொன்று காதுமடலில். (வேறொன்றும் உள்ளே நுழைந்தது. ஒரே கம்பளிக்குள் ஒரு பெண்ணோடு, அதுவும் காலனிப் பெண்ணோடு, தோள் ஒட்ட உட்கார்ந்திருக்கிறோமே, யாராவது பார்த்தால்? உயிர் போகிற நேரத்தில் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. அதை விட்டுவிட்டு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

அவன் எழுந்தான்.

எழுந்தபோது கம்பளியும் அவனோடு

எழுந்த வேகத்தில் கம்பளி தானாகவே

கம்பளிக்குக் கால் கிடையாது. அவன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். மறுமுனை மலர்க்கொடியின் கையில் இருந்தது. அவர் விடவில்லை. இன்னொரு தடவை இழுத்தான்.

முதல் இழுப்பைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது இழுப்பின்போது மறுமுனையில் ஒரு கை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கையைவிடத் தன் கைக்குப் பலம் அதிகம் என்பதும் தெரியும்.

"சார்" என்றார் மலர்க்கொடி. கத்தவில்லை. கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அறிவரசன் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினான். நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறியவன், ஓர் இடத்திலும் நிற்காமல் இறங்கினான்.

6

அடிவாரத்தில் வேப்பமரத்தடியில் அமாவாசை உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். காலனிக்காரர், கரட்டில் ஆடு மேய்ப்பவர். ஓடிவந்தவன் அவரிடம் முதலில் தண்ணீர் கேட்டான்.

அவர் கேனைக் கொடுத்தார். குடித்தான். முகத்தில் ஊற்றிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் குடித்தான். அப்புறம்தான், "மேல கதண்டு கலஞ்சிடுச்சு" என்றான்.

"கூட யாரு?"

"மலர்க்கொடி."

அமாவாசை எழுந்துவிட்டார். "மேலயா இருக்கு அந்தப் புள்ள? நீங்க எறங்கி வந்துட்டீங்க?"

அவன் கேனைக் கீழே வைத்தான். அதற்குள் அவர் பக்கத்து வெங்காயக் காட்டு வாய்க்காலில் இரண்டு கோணிச்சாக்கை முக்கி எடுத்து, ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, நாற்று நட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூவி அழைத்தபடி படியேறினார். அறிவரசன் 108-க்குப் போன் போட்டான். இதை அவன் கணக்கில் எழுதலாம். ஆனால் இரண்டு தடவை தப்பாக அழுத்தியதையும் எழுதிவிடுகிறேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அமாவாசை மலர்க்கொடியை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லை. ஊதிப்போய், கண் எங்கே என்றே தெரியாமல் இருந்தது. கல்லுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த சந்தில் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தாராம்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு கொட்டு என்று எண்ணினார்கள். மூன்று நாள் நினைவில்லை. எட்டாம் நாள் உட்கார்ந்தார். சிறுநீரகம் தப்பித்தது. இடது கண்ணில் இன்றைக்கும் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது, அந்தப் பக்கம் பார்வை மங்கல்.

கம்பளி முப்பதாவது படியருகே காரைமுள்ளில் மாட்டிக் கிடந்தது. அன்று சாயங்காலமே அமாவாசை அதை எடுத்து உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு காலனிக்கு நடந்தார். வழியில் அறிவரசன் நின்றிருந்தான். அவர் கம்பளியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நடந்துவிட்டார்.

7

மலர்க்கொடி பேசத் தொடங்கிய அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு நிருபர் வந்திருந்தார். அரங்கநாதனும் இருந்தார். அறிவரசன் சுவரோரமாக, ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தான்.

"என்னம்மா நடந்தது?" என்று நிருபர் கேட்டார்.

மலர்க்கொடி திறக்க முடிந்த ஒரு கண்ணால் அறைக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெரிய தெருக்காரர்கள் மூன்று பேர், காலனிக்காரர்கள் ஐந்தாறு பேர்.

"சார்தான் ஓடிப்போய் ஆளக் கூட்டியாந்தாரு" என்றார்.

அறிவரசனுக்குக் கண் கலங்கியது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தான். அடுத்த நொடி, தப்பித்தோம் என்று நினைத்தான்.

[வரிசை மாறியிருக்கிறது. தப்பித்தோம் என்பதுதான் முதலில் வந்தது.]

மறுநாள் பேப்பரில் 'சமயோசித ஆசிரியர்' என்று வந்தது. பள்ளியில் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும், 'இப்போது சொல்லிவிடலாம்' என்று நினைத்தான். நினைப்பதே பாதி சொல்லியதுபோல் ஆறுதலாக இருந்தது.

பிறகு ஆகஸ்ட் பதினைந்து வந்தது. துண்டு போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். கடைசி வரிசையில், இன்னும் முழுக்க வடியாத முகத்தோடு மலர்க்கொடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தான். இதற்குமேல் முடியாது என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, அதில் பொய்யில்லை.

"நான் ஓடுனேன்" என்றான் அறிவரசன்.

மைக் கொஞ்சம் கீச்சிட்டது.

"அவங்கள அங்கயே விட்டுட்டு... நான் ஓடுனேங்க."

கூட்டம் கைதட்டியது. ஓடி ஆளைக் கூட்டிவந்தவர் அடக்கத்தோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அரங்கநாதன் முதுகில் தட்டிக்கொடுத்தார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். கம்பளி என்ற ஒரு சொல் போதும். அறிவரசன் கைகூப்பிவிட்டு இறங்கினான்.

மிட்டாய்த் தட்டருகே அமாவாசை நின்றிருந்தார். "நல்லா ஓடுனீங்க சார்" என்றார்.

8

அன்று தொடங்கிய கதைதான் செப்டம்பரில் முதல் வரைவாக முடிந்தது. அதில் மலர்க்கொடி கம்பளியைத் தானே கொடுக்கிறார் என்று மேலே காட்டினேன் இல்லையா? அதை டைப் செய்து, அவர் அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவரசன் கொண்டுபோய்க் கொடுத்தான். அனுமதி கேட்கிற எழுத்தாளன் என்ற நினைப்பு நடக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அங்கன்வாடிக்குப் போனான். மத்தியானம். பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடி முட்டை ஓடுகளைக் கூட்டி அள்ளிவிட்டு வந்தார். அலமாரியிலிருந்து தாள்களை எடுத்தார்.

"படிச்சேன் சார்."

"எப்படிங்க இருக்கு?"

"இதுல நானா குடுத்தமாரி எழுதியிருக்கீங்க."

அவன் தாள்களைப் பார்த்தபடியே, "கதைதானேங்க. கொஞ்சம்..." என்றான்.

"கதைன்னா பேர மாத்தியிருப்பீங்க. எம் பேரு அப்படியே இருக்கு. எந்தம்பி பேரு இருக்கு. அமாவாச சித்தப்பா, பிரசிடெண்டு, கரடு, ஊரு, எல்லாம் நெசம். உங்க பேரு மட்டுந்தான் சார் வேற."

ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. மலர்க்கொடி குனிந்து அதன் கையைச் சரிசெய்தார். வடிந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான் அறிவரசன். இரண்டு மாதமாக அவன் கேட்க விரும்பிய ஒரே கேள்வி அதுதான். பதில் என்னவாக இருக்கும் என்றும் அவன் முடிவுசெய்து வைத்திருந்தான்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? சார் கம்பளியப் புடுங்கிட்டுப் போயிட்டாருன்னா? எங்க தெருப் பசங்க அஞ்சு பேரு அங்கயே நின்னானுவ. ராத்திரிக்குள்ள உங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பானுவ. அப்புறம் உங்க தெருவு சும்மா இருக்குமா? எம் பையன் சத்யா உங்க தெரு வழியாத்தான் காலேஜு பஸ்ஸுக்குப் போறான். ஒரு கண்ணு தொறக்கல எனக்கு, அப்பவும் அதெல்லாந்தான் ஓடுச்சு."

"நான்... நீங்க மன்னிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

மலர்க்கொடி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அறிவரசன் கொஞ்சம் தாங்கியிருப்பான். ஆச்சரியம்தான் இருந்தது.

"அத நீங்க கேக்கவே இல்லியே சார்."

அவனுக்குச் சொல் வரவில்லை. இருபது வருசமாகச் சொல்லை வைத்துக்கொண்டே மரியாதையாகப் பிழைத்தவன். 'மன்னிச்சிடுங்க' என்பது ஒன்றும் அரிய சொல் இல்லை. தினமும் வகுப்பில் பிள்ளைகளைச் சொல்லவைக்கிற சொல்தான்.

"பயந்தீங்க, அத விடுங்க" என்றார் மலர்க்கொடி. "பாலாஜியும் பயந்தவந்தான். நானும்தான் பயந்தேன். ஊருக்கு நீங்க சொல்லுங்க, சொல்லாம போங்க, அது உங்க பாடு. ஆனா நானா குடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க. நான் குடுக்கல. கெட்டியா புடிச்சிருந்தேன். ரெண்டு நகம் பேந்துது." வலது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்களில் புது நகம் பாதி வளர்ந்திருந்தது. "எங்கம்மா உங்க காட்டுல குடுத்த ஒழைப்பு போதும். இதையும் நாங்களா குடுத்ததா ஆக்கிடாதீங்க."

தாள்களை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எம் பேர மாத்த வேணாம். அப்படியே இருக்கட்டும். உங்க பேரையும் போடுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது அறிவரசன் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். 'அண்ணாந்து பார்ப்பதே அழகு' என்ற வாக்கியத்தின் கீழே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தது: "எங்கம்மாவால ஏற முடியல."

9

ஆக, இது இரண்டாவது வரைவு. இதில் கம்பளி பிடுங்கப்படுகிறது. பெயர்களைப் பொறுத்தவரை, 'அறிவரசன்' என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு என் பெயரை எழுத நேற்று உட்கார்ந்தேன். இரண்டு இடம் மாற்றினேன். மூன்றாவது, கூட்டத்தில் தீர்மானம் எழுதும் இடம். அங்கேயே பேனாவை வைத்துவிட்டேன். பிறகு மாற்றிய இரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டேன். நீங்கள் படித்தது அந்த நிலையில் உள்ள பிரதி.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் கிராமசபையில் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறான், ஊர் உறைந்து போகிறது. வாசிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்தேன். இன்னொன்றில் நினைவுக்கல்லை பஸ் ஸ்டாப்புக்கு இறக்கச் சொல்லி அவன் மனு எழுதுகிறான், பாலாஜியின் அம்மா அதைத் தடவிப் பார்க்கிறார், மலர்க்கொடி தூரத்தில் நின்று

இல்லை. அதில் மறுபடியும் மலர்க்கொடி அவனைப் பார்த்து லேசாகச் சிரிப்பதாக முடியும். அவர் சிரிக்கவில்லை.

(மனுவை உண்மையாகவே எழுதினேன். கொடுத்தும்விட்டேன். அலங்காரம் இல்லாமல் நாலு வரி. அரங்கநாதன் வாங்கிப் படித்துவிட்டு, "இப்ப எதுக்கு சார் இந்த வம்பு?" என்று மேசை இழுப்பறையில் போட்டார். இது முடிவாகாது. நடந்தது என்பதால் மட்டும் இங்கே இருக்கிறது.)

இன்று காலை இந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். மலர்க்கொடி பிள்ளைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, "மன்னிச்சிடுங்க" என்றேன். கதையில் இந்தச் சொல்லை அறிவரசனைச் சொல்லவைக்க முடியாததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. தராசில் இருந்த பிள்ளை வீறிட்டது. அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"வெச்சிட்டுப் போங்க சார். வேல கெடக்கு" என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். அவர் படிப்பாரா, படித்தால் அச்சுக்குக் கொடுக்கச் சொல்வாரா, அடுப்பில் போடுவாரா, தெரியாது. அவர் சம்மதித்தால்தான் இது உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பதிலுக்குக் காத்திருக்காமலேயே நான் அனுப்பியிருக்கவும் கூடும். என்னைப் பற்றி இவ்வளவு படித்த பிறகு எதை நம்புவது என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். முடிவையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஏதாவது ஒரு வரியில் இந்த மனுசன்மேல் இரக்கம் தட்டினால், தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.